பழைய மோட்டார் வண்டியும் புதிய தகடும்

இரும்பு வலியது. ஆயினும் அதனை அழிக்க வாளும் வேண்டியதில்லை, நெருப்பும் வேண்டியதில்லை. சிறிதளவு நீரும் காற்றும் சேர்ந்திருந்தாற் போதும். கறள் என்று மக்கள் வழங்கும் அந்நோய் ஆரவாரமின்றி வருவது. வெளியே தெரியும்போது உள்ளே பாதி வேலையை முடித்துவிட்டிருப்பது. எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டியொன்று ஒரு திருத்தகத்தில் நிற்கின்றது என்று வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அதன் நிறப்பூச்சு பளபளக்கின்றது. தகட்டு வேலையிலே தேர்ந்த முதியவர் ஒருவர், கதவின் அடியிலே குனிந்து, கையிலிருந்த திருப்புளியின் முனையால் மெல்ல ஊன்றுகின்றார். தகடு பொத்துக்கொண்டு உள்ளே போகின்றது. செம்பழுப்புத் தூள் நிலத்திற் சொரிகின்றது. எவ்வளவை வெட்டி எறிவது, எவ்வளவை விட்டுவைப்பது, வெட்டிய இடத்தை எதனால் நிரப்புவது என்ற வினாக்கள் அப்பொழுதே எழுகின்றன.

இவை தொழிலாளியின் வினாக்கள் மட்டுமல்ல, வரலாற்றின் வினாக்களுமாகும். அந்தத் தகடு அங்கே எவ்வாறு வந்தது என்பதை அறியாதவர், அதனை எவ்வாறு மாற்றுவது என்பதையும் முழுமையாக அறிதல் இயலாது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன் உடலைச் செய்தோர் குதிரை வண்டி செய்துவந்த கைவினைஞரே. அவர்கள் தம் பழைய முறையையே புதிய வண்டிக்கும் கையாண்டனர். இங்கிலாந்திலே ஆஷ் என்னும் மரத்தால் முதலிற் கூடு கட்டப்பட்டது. வளையும் இயல்பும் உறுதியும் ஒருங்கே உடையது அம்மரம். அக்கூட்டின்மேல் இரும்புத் தகடோ அலுமினியத் தகடோ போர்த்தப்பட்டது. தட்டையான தகட்டை மணல் நிரப்பிய தோற்பையின் மீது வைத்து மரச் சுத்தியலால் அடித்துக் குழிப்பர். பின்னர் இரண்டு உருக்குச் சக்கரங்களுக்கிடையே முன்னும் பின்னும் ஓட்டி வளைவை ஒழுங்காக்குவர். கண்ணும் கையுமே அவர்களின் அளவுகோல். ஆகவே ஒரே பட்டறையில் ஒரே ஆண்டிற் செய்யப்பட்ட இரண்டு வண்டிகளின் மட்காட்டுகளைக் கழற்றி ஒன்றை மற்றொன்றிற் பொருத்தினாற் சரியாகப் பொருந்துவது அரிது. ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரு தகடு பழுதுபட்டால், செய்தவனைப் போன்ற இன்னொருவன் அதனைத் திரும்பவும் செய்துவிடுவான். செய்யும் வித்தையும் திருத்தும் வித்தையும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கராகிய எட்வர்ட் பட் என்பவர். அவர் 1912ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வியன்னாவிற் பிறந்த ஜோசப் லெட்விங்கா என்னும் பொறியியலாளர் அவருக்கு வலக்கையாக இருந்தார். மரக்கூட்டை நீக்கி, உருக்குத் தகடுகளை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டியே வண்டியின் உடலை அமைத்தல் கூடும் என்பது அவர்களின் துணிபு. 1914ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த டொட்ஜ் சகோதரரின் வண்டிகள் இவர்கள் செய்த உருக்குடலையே தாங்கியிருந்தன. தகட்டை வடிவமைக்கும் முறையும் மாறிற்று. மேலும் கீழுமாக இரண்டு பெரிய உருக்கு அச்சுகள். அவற்றுக்கிடையே ஒரு தட்டைத் தகடு. பேரெடையுள்ள அழுத்துப்பொறி ஒருமுறை இறங்கி எழும்போது மட்காட்டோ கதவோ வடிவம் பெற்று வெளியே வரும். நூறாவது தகடும் பதினாயிரமாவது தகடும் ஒன்றுபோலவே இருக்கும். மரமில்லாத உடலைச் சூளையினுள்ளே செலுத்தி நிறப்பூச்சை விரைந்து உலர்த்தவும் முடிந்தது.

இங்கிலாந்தின் மோட்டார் உற்பத்தியாளருள் முதன்மை பெற்றிருந்த வில்லியம் மொறிஸ் இம்முறையின் பயனை உணர்ந்தார். பட் நிறுவனத்தோடும் ஒரு வங்கி நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து, 1926ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் நகரையடுத்த கௌலியில், தமது வண்டித் தொழிற்சாலையின் அருகிலேயே, பிறெஸ்ட் ஸ்ரீல் கம்பெனியைத் தோற்றுவித்தார். ஆனால் அச்சுகளைச் செய்வதற்கான செலவு மிகப் பெரிது. ஒரே வடிவத்தைப் பல்லாயிரக்கணக்கிற் செய்து விற்றாலன்றி அச்செலவை மீட்க இயலாது. இதனால் உடலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பட்டறைக் கைவினைஞரிடமிருந்து அச்சுக்குச் சென்றது. அச்சு உள்ளவரை தகடு மலிவு. அச்சு அழிந்தாலோ அத்தகடு மீண்டும் பிறப்பது அரிது. இந்த உண்மையின் முழுப் பொருளை மக்கள் உணர இன்னும் அரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

அடுத்து நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. முற்காலத்து வண்டியில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. இயந்திரத்தையும் சில்லுகளையும் தாங்குவது அடிச்சட்டம். உடலோ அதன்மேல் ஏற்றிவைத்த ஒரு பெட்டி. 1922இல் இத்தாலியின் லான்சியா லம்டா, 1934இல் பிரான்சின் சித்ரோயன், 1937இல் இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் டென் ஆகிய வண்டிகள், உடலே பாரத்தைத் தாங்கும் புதிய அமைப்பை ஏற்றன. ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டை மடித்துப் பெட்டி வடிவாக்கி, அப்பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டினால், கனத்த இரும்புச் சட்டத்திற்கு ஈடான உறுதி கிடைக்கும். எடை குறைந்தது, எரிபொருட் செலவும் குறைந்தது. ஆனால் அதுவரை வெறும் போர்வையாக இருந்த தகடு அன்றிலிருந்து எலும்பாகவும் ஆயிற்று.

இவ்வகை வண்டிகளுள் புகழ்பெற்றது மொறிஸ் மைனர். சிமேர்னாவில் 1906ஆம் ஆண்டிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் அதனை வடிவமைத்தார். 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் லண்டன் மாநகரின் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலே, ஏறக்குறைய எல்லாம் ஆயத்தமான நிலையில், வண்டி மிக ஒடுங்கியிருக்கின்றது என்று இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நடுவே நீளவாட்டில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குல இடைவெளி கண்ணுக்கு இசைந்தது, அதுவே முடிவாயிற்று. மைனர் வண்டியின் பொனற்றின் நடுவே முன்பின்னாக ஓடும் தட்டையான பட்டை, அன்று சேர்க்கப்பட்ட அந்த 4 அங்குலத்தின் அடையாளமே. வெட்டி ஒட்டப்பட்ட தகட்டிலிருந்தே பிறந்த வண்டி அது எனினும் பொருந்தும். 1960ஆம் ஆண்டு டிசெம்பரிற் பத்து இலட்சமாவது மைனர் செய்யப்பட்டது. பிரித்தானிய வண்டிகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் வரையிற் செய்யப்பட்டிருந்தன.

இத்துணைச் சிறப்புடைய அமைப்பிலேதான் கறள் குடிபுகுந்தது. உருக்கும் நீரும் ஒட்சிசனும் சேரும் இடத்திற் கறள் பிறக்கும். உப்புச் சேர்ந்தால் விரைந்து வளரும். மாரிகாலத்திற் பனியை உருக்குவதற்காக இங்கிலாந்தின் தெருக்களில் உப்புத் தூவப்படுகின்றது. இலங்கை போன்ற தீவுகளிலோ கடற்காற்றே அவ்வுப்பைக் கொணர்கின்றது. மூடிய பெட்டியின் உட்புறத்தை அக்காலத்து நிறப்பூச்சு சரிவரச் சென்றடையவில்லை. சில்லுகள் வாரியடித்த சேறு மட்காட்டின் மூலைகளிலும் முன்விளக்கின் பின்புறத்திலும் தங்கி, ஈரத்தைக் காத்து வைத்திருந்தது. கறளானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆகவே இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் பொருத்தினுள்ளே அது வளர்ந்து, அவற்றை நெம்பிப் பிரித்து, மேலும் ஈரம் புக வழி செய்யும்.

மைனர் வண்டியின் நான்கு மட்காட்டுகளும் மரையாணிகளாற் பூட்டப்பட்டவை. அவை கறள் பிடித்தாற் கழற்றிவிட்டு வேறு பூட்டலாம்; வண்டியின் உயிருக்கு ஊறில்லை. கதவின் அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதியும், வில்தகடுகளைப் பின்புறத்தில் தாங்கும் இடங்களும், முன் ஆசனத்தின் கீழே குறுக்காக ஓடும் தாங்கியும் அவ்வாறல்ல. அவை உருக்கி ஒட்டப்பட்டவை, பாரத்தைச் சுமப்பவை. அவை உளுத்தால் வண்டி நடுவிலே தொய்யும். கதவு சரியாகச் சாத்தாது. மோதல் நேரும்போது ஏறியிருப்போரைக் காக்கும் வலிமை இல்லாதொழியும். இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டிற் பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் அரசாங்கச் சோதனை விதிக்கப்பட்டது. முதலிற் தடுப்பு, விளக்கு, சுக்கான் ஆகியவற்றையே நோக்கிய அச்சோதனை, பின்னர் உடற்கட்டின் கறளையும் நோக்கலாயிற்று. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் தகடு உளுத்தமையால் உடைக்கப்பட்ட வண்டிகள் எண்ணில.

இனி, அத்தகைய பகுதியைப் புதுப்பிக்கும் முறையை நோக்கலாம். முதற் கடமை வெட்டுவதன்று, தாங்கு கொடுப்பதாகும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, உறுதியான இடங்களிற் கீழிருந்து தாங்கி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டமொன்றைத் தற்காலிகமாகப் பிணைப்பர். இதைச் செய்யாமற் கதவடிப் பெட்டியை வெட்டினால், உடல் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். வளைந்த நிலையிற் புதிய தகட்டை ஒட்டினால் அவ்வளைவு என்றைக்கும் நிலைத்துவிடும். பின்னர்ப் பழைய புள்ளி ஒட்டுகளைத் தேடுவர். தொழிற்சாலையிலே இரண்டு செப்பு முனைகளுக்கிடையே தகடுகளை நெரித்து, மின்சாரத்தைச் செலுத்தி இட்டவை அவை. நிறப்பூச்சைச் சுரண்டினாற் சிறு வட்டக் குழிகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் மேல் தகடு மட்டும் அறும்படி துளைத்துப் பிரித்தால், அடியிலுள்ள நல்ல தகடு காக்கப்படும். பொறுமையற்றவன் உளியால் அடித்துக் கிழிப்பான். அவன் கிழிப்பது அடுத்த தகட்டின் விளிம்பையுமாகும்.

வெட்டும் எல்லையைக் கண் தீர்மானித்தல் கூடாது. கறள் தெரியும் இடத்துக்கு அப்பாலும் தட்டிப் பார்த்து, நல்ல இரும்பின் ஒலி கேட்கும் வரை செல்லவேண்டும். பின்னர்ப் புதிய தகட்டை ஒட்டாமலே கவ்விகளாற் பிடித்து வைத்து, கதவைத் தொங்கவிட்டுச் சாத்திப் பார்ப்பர். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒத்திருக்கின்றதா, மட்காட்டின் கோடு கதவின் கோட்டோடு இணைகின்றதா என்று பலமுறை சோதிப்பர். அனுபவமுடையோர் ஒட்டும் நேரத்தைவிட இச்சோதனைக்கே அதிக நேரம் செலவிடுவர். பொருந்தும் முகங்களில் நாகம் கலந்த முதற்பூச்சு இடப்படும். ஒட்டும்போது ஒரே இடத்தில் நீளமாக ஒட்டிச் செல்லுதல் தவறு. வெப்பத்தால் விரிந்த தகடு குளிரும்போது சுருங்கி நெளியும். ஆதலால் இங்கே ஒரு சிறு ஒட்டு, அதற்கு எட்டத்தில் இன்னொன்று என்று மாறி மாறி இட்டு, ஆறவிட்டு ஆறவிட்டுச் செல்வர். ஈற்றிற் பொருத்துகளை ஈரம் புகாதவாறு அடைத்து, பெட்டியின் உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுவர்.

குறுக்குவழியும் ஒன்று உண்டு. உளுத்த தகட்டின்மேலேயே வேறொரு தகட்டை வைத்து ஒட்டி, புட்டியால் மெழுகி, நிறம் பூசிவிடுதல். வாங்குவோரின் கண்ணுக்கு அது புதிதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே அடைபட்ட கறள் இரண்டு தகடுகளுக்குமிடையே ஈரத்தோடு குடியிருந்து, பழையதையும் புதியதையும் சேர்த்துத் தின்னும். அது திருத்தமன்று, மறைப்பு. அதன் விலையைக் கொடுப்பவர் அவ்வண்டியிற் பின்னொருநாள் பயணஞ் செய்பவரே.

வித்தை இருப்பினும் தகடு வேண்டுமே. உற்பத்தி நின்ற சில ஆண்டுகளிற் களஞ்சியங்களிலிருந்த உதிரித் தகடுகள் தீர்ந்தன. அச்சுகள் சில பழைய இரும்பாக விற்கப்பட்டன. சில மூலைகளிற் கிடந்தன. இந்நிலையில் இரு வழிகள் தோன்றின. ஒன்று அச்சைத் தேடும் வழி. 1975ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டிற்று. 1980இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட எம்.ஜி.பி. வண்டியின் முழு உடலையும், மூல அச்சுகளைக் கொண்டே, 1988இல் மீண்டும் செய்து விற்கத் தொடங்கிற்று. இறந்த வண்டியின் உடல் எட்டு ஆண்டுகளின் பின் புதிதாகப் பிறந்தது. மோட்டார் வரலாற்றில் அஃது ஒரு புதுமை.

மற்றையது கையின் வழி. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், வண்டியை எறிந்து எறிந்து புதிது வாங்குவதைவிட, நல்லதொன்றைத் திருத்தித் திருத்திப் பல்லாண்டு வைத்திருத்தலே சிக்கனம் என்று வாதிட்டு, 1982இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவரது முயற்சி 1990களில் இலங்கையையும் வந்தடைந்தது. மைனர் வண்டிக்கான தகடு முதலிய உறுப்புகளைச் செய்யும் சிறு தொழிற்சாலையொன்று, இலங்கையர் ஒருவரின் கூட்டுறவோடு இந்நாட்டில் அமைந்தது. கப்பலேறி இலங்கைக்கு வந்த வண்டியின் உறுப்புகள், இலங்கையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன.

இலங்கையிலே அவ்வித்தை தழைத்தமைக்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கந்தொட்டு 1977 வரை மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதியது கிடையாதபோது பழையதைக் காப்பதன்றி வேறு வழியில்லை. பின்னர்ப் போர்க்காலத்தில், 1990களில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப் பாகங்களும் செல்வது தடைப்பட்டது. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய பழைய வண்டிகளே, சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் பயணிகளையும் சுமந்தன. அங்கே ஒரு தகட்டைத் திருத்துதல் பொழுதுபோக்கன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ‘ரிங்கர் வேலை’ என்று எளிமையாக அழைக்கப்பட்ட அத்தொழில், இங்கிலாந்தின் ஆதிப் பட்டறைகளில் இருந்த வித்தையின் வழித்தோன்றலே. அழுத்துப்பொறியால் ஒதுக்கப்பட்ட சுத்தியலும் கையும், அப்பொறி ஓய்ந்த பின்னர் மீண்டும் வேலைக்கு வந்தன.

இவ்விடத்தில் அறிஞரிடையே ஒரு வழக்கு உண்டு. தகடுகளெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் அது பழைய வண்டிதானா என்பதே அவ்வழக்கு. பிரித்தானிய அரசு 2018ஆம் ஆண்டில், 40 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்களித்தது. பெரும் மாற்றம் செய்யப்பட்ட வண்டிகளுக்கு அவ்விலக்கு இல்லை. ஆனால் மூலத்தின் அதே வடிவில் அமைந்த புதிய உடலைப் பொருத்துதல் பெரும் மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. சட்டத்தின் நோக்கில் வடிவமே வண்டி. உலகப் பழைய வண்டிக் கழகங்களின் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட தூரின் சாசனமோ வேறு நோக்குடையது. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது அது. இயன்றவரை மூலப் பொருளையே காத்தல் வேண்டும். மாற்றியவற்றை அழியாத அடையாளத்தாற் குறித்து வைத்தல் வேண்டும். செய்த வேலையனைத்தையும் பதிவு செய்தல் வேண்டும் என்று அது கூறுகின்றது. சாசனத்தின் நோக்கிற் பொருளும் வண்டியே.

இவ்விரண்டையும் பகையாகக் கொள்ளவேண்டியதில்லை. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்போர் எஞ்சிய எழுத்துகளைப் போற்றி அச்சிடுவர். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே குறிப்பர். தாம் ஊகித்துச் சேர்த்ததை அடையாளமிட்டுக் காட்டுவர். அவ்வாறே, பாரந்தாங்கும் பெட்டி உளுத்ததாயின் அதனைத் தயங்காது வெட்டி மாற்றுதல் வேண்டும்; அங்கே பழமையின்மேற் கொண்ட பற்று மனித உயிருக்கு உலைவைக்கும். பூட்டிக் கழற்றும் மட்காட்டில் உள்ளங்கையளவு இடமே கெட்டிருப்பின், முழுவதையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதைவிட, அவ்விடத்தை மட்டும் வெட்டி அதே வளைவில் ஒரு துண்டைச் செய்து பொருத்துதல் சிறப்பு. கௌலியிற் பூட்டப்பட்ட தகட்டின் பெரும்பகுதி அவ்வாறு எஞ்சும்; கைவினைஞனின் கைக்கும் வேலை கிடைக்கும்.

திருத்தகத்தில் நின்ற அந்த மைனர் வண்டிக்கும் விடை இதுவே. முதியவர் வெண்கட்டியால் ஒரு கோடு இழுக்கின்றார். கோட்டுக்குக் கீழே உள்ளது போகும். மேலே உள்ளது நிற்கும். வேலை முடிந்தபின், வெட்டப்பட்ட பழைய துண்டும், மாற்றப்பட்டவற்றின் பட்டியலும், திகதியிட்ட படங்களும் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும். அதன் பின்னும் உரிமையாளருக்கு ஒரு கடமை உண்டு. கதவடிப் பெட்டியின் கீழ்ப்புறத்தில், உட்புகும் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உள்ளன. சேற்றால் அவை அடைபடாமல், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குனிந்து பார்த்து, ஒரு குச்சியாலே துப்புரவு செய்துவருதல் வேண்டும். அதனை மறவாதவரின் வண்டிக்கு அடுத்த வெட்டு நெடுங்காலம் வேண்டியிராது.